மழைக்கு முன் பதினைந்து அடி

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் நான்கு பேரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் நடத்துகிறது, யார் சொல்வதையும் கேட்பதில்லை. உன் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அதிபர் மாளிகையில் டீயிலேயே காலம் ஓடுகிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். என் வேலை உனக்குத் தெரியும். தினமும் காலை ஏழு மணிக்கு அணையின் அடிவாரத்துக்கு இறங்கி, கசிந்து வரும் தண்ணீர் ஓடுகிற சின்ன வாய்க்காலில் உயரம் அளப்பேன். ஒரு பாட்டிலில் பிடித்து, அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, நிறம் என்ன என்று குறிப்பேன். மண் அணை என்றால் கசியத்தான் செய்யும், அதில் பயமில்லை. கசிவது தெளிவாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்பது வருஷமாகத் ‘தெளிவு’ என்றே எழுதி வந்தேன். மூன்று வாரமாக அப்படி எழுத முடியவில்லை. பாட்டிலின் அடியில் நகத்தின் கனத்துக்கு மண் தங்குகிறது. அணைக்குள்ளிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

எங்கள் பொறியாளர் நான்கு வருஷத்துக்கு முன்பே, பழைய அதிபர் காலத்தில், இப்படி ஒருநாள் வரும் என்று அறிக்கை அனுப்பினார். பதிலே இல்லை. இப்போது அந்த அறிக்கையையும் இணைத்துப் புதிதாக ஒன்று எழுதியிருக்கிறார். செப்டம்பர் மழைக்கு முன்னால் நீர்மட்டத்தைப் பதினைந்து அடி இறக்க வேண்டும். ஒரே நாளில் இறக்க முடியாது, கரை சரிந்துவிடும். தினம் கொஞ்சமாக, இப்போதே ஆரம்பிக்க வேண்டும். துறையில் “பார்க்கலாம்” என்கிறார்கள். அவர்கள் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டார்கள் என்பது உனக்கே தெரியும்.

நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அதிபர் அறைக்கு இரண்டு கதவு தள்ளித்தானே உட்கார்ந்திருக்கிறாய். அவர் கையில் கொடுத்துவிடு. குட்டி உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள். குதிரையாம். ஆறு கால் இருக்கிறது.

உன் தங்கை

*

ஜூன் 27

அன்புள்ள அண்ணா,

நலமாக இருக்கிறாயா? என் கடிதம் வந்ததா? மூன்று வாரமாகிறது. போனில் கூப்பிட்டால், “இந்த மாதிரி விஷயத்தைப் போன்ல பேசாதே, எழுது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதனால் மறுபடி எழுதுகிறேன்.

அணையின் வெளிச்சரிவில் ஈரம் தெரிகிறது. முந்தாநாள் ஒரு கைக்குட்டை அளவு இருந்தது. இன்று போர்வை அளவு. மதகுக்காரர், நாங்கள் மீசை என்று கூப்பிடுகிறவர், அதைப் பார்த்துவிட்டு, “வெயில் நமக்குத்தானே, இதுக்கு ஏம்மா வேர்க்குது?” என்றார். சிரிப்பு வந்தது. அப்புறம் இரண்டு பேரும் ஈரத்தின் ஓரத்தில் கல் வைத்து அடையாளம் போட்டோம்.

அதிபரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவருக்கு ஓட்டுப் போட்டவள் நான். அணையைக் கட்டிய அதிபர் தன் பிறந்தநாளுக்குள் திறக்க வேண்டும் என்று அவசரமாகக் கட்டினார். அடுத்து வந்தவர் அறிக்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். இவர் வந்து பதினோரு மாதம்தான். அதெல்லாம் நியாயம்தான். ஆனால் தண்ணீருக்கு ஆட்சி மாறியது தெரியாது. ஒரு வரி பதில் போடு.

உன் தங்கை

*

ஜூலை 15

அன்புத் தங்கைக்கு,

நலம். உங்கள் நலமே என் நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு. இரண்டு கடிதமும் கிடைத்தன. குதிரையை என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். ஆறு காலும் இந்த அலுவலகத்துக்குத் தேவைதான், அவ்வளவு ஓட்டம்.

இங்கே என்ன நிலைமை என்று உனக்கு எப்படிச் சொல்வது? எந்த அலமாரியைத் திறந்தாலும் ஏதோ ஒன்று அழுகிக் கிடக்கிறது. மருத்துவமனையில் மருந்தில்லை, துறைமுகம் அடகில் இருக்கிறது, ரயில் பாலம் ஆடுகிறது. எதையும் இவர் செய்யவில்லை. ஆனால் காலையில் பத்திரிகையைப் பிரித்தால் எல்லாவற்றுக்கும் இவர் படம். எரிகிற வீட்டுக்குள் வாளியோடு ஓடி வந்தவனைப் பிடித்து, தீ வைத்தவன் நீதானே என்று கேட்பது போலிருக்கிறது. மனிதர் இரவும் பகலும் உழைக்கிறார். அதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

நீ அனுப்பிய தாள் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் எழுத முடியாது. வருகிற இருபத்தைந்தாம் தேதி மாலை ஏழு மணிக்கு வானொலியைக் கேள். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வை. சந்தோஷப்படுவாய்.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்

*

ஜூலை 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

தைலம் வந்தது. அம்மா தேய்த்துக்கொண்டு, “பையன் கை பட்ட மாதிரியே இருக்கு” என்கிறாள்.

உரையைக் கேட்டோம். எங்கள் குடியிருப்பில் ஜன்னலுக்கு ஜன்னல் வானொலி ஓடியது. அதிபர் என் எண்களைப் படித்தார். நான் பென்சிலால் குறித்த எண்கள், நாடு முழுக்க. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “முன்பிருந்தவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து, கசிகிற ஓர் அணை” என்று அவர் சொன்னபோது கைதட்டல் அடங்கவே இல்லை. அது உன் வாக்கியம் என்று தெரிந்துகொண்டேன். நீ சின்ன வயதில் பேச்சுப் போட்டிக்கு எழுதியதும் இப்படித்தான் இருக்கும்.

அடுத்து தண்ணீரை இறக்கச் சொல்வார் என்று காத்திருந்தோம். அவர் ரயில் பாலத்துக்குப் போய்விட்டார். பிறகு நன்றி சொன்னார். பாட்டுப் போட்டார்கள். என் வீட்டுக்காரர், “அவ்வளவுதானா?” என்றார். நான் வானொலியை நிறுத்தாமல் செய்தி முடிகிற வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை, அணைக்குக் கீழே இருக்கும் எங்கள் கீழ்த்தெருவில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். பதினோரு மணிக்குத் தலைநகரிலிருந்து இரண்டு வண்டி வந்தது. தண்ணீரை இறக்கத்தான் என்று நினைத்து நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர்கள் பொறியாளரைத் தற்காலிகமாக நீக்கிவிட்டார்கள். பழைய ஆட்சியின் ஆளாம். இத்தனை வருஷம் ஏன் மறைத்தாய் என்று கேட்டார்கள். மறைத்ததாகச் சொல்லும் அறிக்கை அவர் எழுதியதுதானே, அண்ணா?

என்னிடம் ஒருவர், “உயரம் மட்டும் எழுதினா போதும். நிறம் எழுதற கட்டத்தைக் காலியா விடுங்க” என்றார். மிக மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தண்ணீரை எப்போது இறக்கப் போகிறார்கள்? அதை மட்டும் எழுது.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 6

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம்.

ஒரு யோசனை. குட்டிக்கும் அம்மாவுக்கும் ஒரு மாறுதல் வேண்டாமா? இரண்டு பேரையும் இங்கே அனுப்பிவை. ஆகஸ்ட் முடிவதற்குள் வந்துவிட்டால் நல்லது. என் அறை சின்னதுதான், ஆனால் ஜன்னலோரம் அம்மாவுக்குக் கட்டில் போட்டுவிடலாம். முழங்காலுக்கு நல்ல மருத்துவர் இருக்கிறார். பக்கத்துப் பள்ளியில் குட்டிக்கு இடம் பேசிவிட்டேன், நவம்பர் வரைக்கும். மாப்பிள்ளையும் விடுப்பு எடுத்துக்கொண்டு வரலாம். நீயும் கூட. உனக்கு எத்தனை நாள் விடுப்பு பாக்கி?

பேருந்துச் சீட்டு வைத்திருக்கிறேன். யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 14

அண்ணா,

எல்லோரும் நலம். சீட்டு நான்கும் கிடைத்தன.

நான் கேட்டது ஒன்று. நீ எழுதியது கட்டில், பள்ளி, மருத்துவர். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தண்ணீர் என்கிற வார்த்தையே அதில் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். “நவம்பர் வரைக்கும்னு ஏன் கணக்கா சொல்றான்?” என்று கேட்டாள். அவளுக்கு முழங்கால்தான் பழுது. கொஞ்ச நேரம் கழித்து, “எதிர்வீட்டுக்காரிக்குச் சீட்டு அனுப்பியிருக்கானா?” என்றாள். குட்டியை மட்டும் வீட்டுக்காரரின் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். மேட்டு நிலம். அம்மா வர மாட்டேன் என்கிறாள். இந்தக் கீழ்த்தெருவில் நாலாயிரம் பேர் இருக்கிறார்கள், அண்ணா. உனக்கு அதில் இரண்டு மூன்று பேரைத்தான் தெரியும். மற்றவர்களையும் நான் தினம் பார்க்கிறேன்.

உன் உறை இரண்டு தடவை ஒட்டப்பட்டிருந்தது, அதனால் இதைத் தபாலில் போடாமல் தெரிந்த லாரி ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தெருமுனையில் ஒரு வண்டி நாலு நாளாக நிற்கிறது, யாரும் இறங்குவதில்லை. நிறம் எழுதும் கட்டத்தைக் காலியாக விடுகிறேன். என் சொந்த நோட்டில் எழுதிவைத்து, நோட்டை அரிசிக்குள் புதைக்கிறேன். நேற்று எழுதியது: கலங்கல்.

அந்த அறையில் என்ன நடந்தது என்று சொல்.

தங்கை

*

ஆகஸ்ட் 29

அன்புத் தங்கைக்கு,

நானும் இதைத் தபாலில் போடவில்லை. அதே லாரி ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன், இனி நம் கடிதமெல்லாம் அவர் வழியாகத்தான். நலம் விசாரிக்கக் கூசுகிறது, ஆனாலும் விசாரிக்கிறேன்.

உன் தாளை நான் அதிபரிடம் கொடுக்கவில்லை. செயலாளரிடம் கொடுத்தேன். அதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் புரட்டிப் பார்த்து, பழைய அறிக்கையின் தேதிக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டார். “பிரமாதமான தாள். உரைக்கு வை” என்றார். புதிய அறிக்கையைப் பிரித்தெடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உரையை எழுதும்போது எனக்கு உற்சாகமாகக்கூட இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

உரைக்கு மறுநாள் அதிபர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை நாற்காலிமேல் வைத்திருந்தார். பாவமாக இருந்தது. “அந்த அணை இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார். “பழைய சங்கதிங்க ஐயா” என்றார் செயலாளர். அதிபர் என்னைப் பார்த்தார். “எழுதினவன் நீதானே. உனக்கு ஏதாவது தெரியுமா?”

உன் இரண்டாவது கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. போர்வை அளவு ஈரம் என்று நீ எழுதியது. செயலாளர் என்னைப் பார்க்கவில்லை, தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான், “விசாரிச்சுச் சொல்றேங்க ஐயா” என்றேன்.

அதிபர் முட்டாள் இல்லை. என் முகத்தைப் படித்திருப்பார். பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னார்: “தண்ணியை இறக்கினா மின்சாரம் நிக்கும், தலைநகரம் இருட்டாகும். அந்த இருட்டுக்கு நான் பதில் சொல்லணும். அணை உடைஞ்சா, கட்டினவங்க பதில் சொல்லிக்கட்டும்.” சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் வெளியே வந்தோம்.

‘என் ஆட்சியில் ஒரு வீட்டிலும் விளக்கு அணையாது’ என்று தேர்தலில் அவர் சொன்னது நான் எழுதிக் கொடுத்தது. எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

அவர் கெட்டவர் இல்லை. இதை இன்னும் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டாவது வந்துவிடு. படித்ததும் கிழித்துவிடு.

அண்ணன்

*

செப்டம்பர் 13

அண்ணா,

அம்மா நலம். குட்டி நலம். நாங்களும் உயிரோடு இருக்கிறோம்.

ஏழாம் தேதியே மழை பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் தேதி காலை பாட்டிலில் பிடித்தது டீ போல இருந்தது. அரை மணி வைத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. வாய்க்காலின் ஓரத்தில் ஒரு துளை, என் மணிக்கட்டு நுழைகிற அளவு, அதிலிருந்து தண்ணீர் துள்ளி வந்தது.

மீசையிடம் ஓடினேன். “அடிமதகைத் திறங்கண்ணே.” “உத்தரவு எங்கம்மா?” “இல்லை.” அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு ஓய்வுபெற எட்டு மாதம். “யாராவது எழுதிக் கொடுத்தா திறக்கறேன். வாய்ச்சொல்லுக்குத் திறந்தா என் பென்ஷன் போயிடும்” என்றார். பொறியாளர் வீட்டு உடுப்போடு நனைந்துகொண்டு வந்து நின்றார். அவருக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. நான் பதிவேட்டில், ‘என் பொறுப்பில் திறக்கச் சொல்கிறேன்’ என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திட்டேன். எனக்கும் அதிகாரம் இல்லை. மீசை அதைப் படித்துப் பார்த்து, “எழுத்து நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தார்.

அபாயச் சங்கு ஊதவில்லை. எந்தக் காலத்திலோ எரிந்துபோயிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்காரர் பள்ளி வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஆற்றோரம் முழுக்கக் கத்திக்கொண்டே போனார். கொஞ்சம் கொஞ்சமாக இறக்க நேரமில்லை. முழுசாகத் திறந்தோம்.

நான்கு நாளில் பதினான்கு அடி. துளையில் பொறியாளர் சல்லியும் மணலும் கொட்டச் சொன்னார், தெருவே வந்து கொட்டியது. இன்று காலை தண்ணீர் தெளிந்திருந்தது. அணை நிற்கிறது.

ஒருவர் இறந்துவிட்டார். ஆற்றுப் படுகையில் வெள்ளரி போட்டிருந்தவர். ஒலிபெருக்கி கேட்டுக் கரையேறிவிட்டு, மோட்டாரை எடுக்கத் திரும்ப இறங்கியிருக்கிறார்.

வாசலில் காவலுக்கு ஆள் போட்டிருக்கிறார்கள். உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

தங்கை

*

செப்டம்பர் 21

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் எல்லோரும் பத்திரம் என்று தெரிந்தபின்தான் சோறு இறங்கியது.

இங்கே ஒன்பது நாள் இருட்டு. பன்னிரண்டாம் தேதி அதிபர் பேசியதைக் கேட்டிருக்க மாட்டாய். முன்பிருந்தவர்களின் பாவத்திலிருந்து தன் நேரடி உத்தரவு மக்களைக் காப்பாற்றியது என்றார். அந்த வரியை எழுதியதும் நான்தான். எழுதினால் உன்மேல் கை வைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது இரண்டாவது வரி கேட்கிறார்கள்: ‘உயிரிழப்புக்கு விதியை மீறிய ஊழியரே பொறுப்பு.’ மூன்று நாளாகக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருக்கிறேன்.

அக்டோபர் பத்தாம் தேதி உங்கள் ஊரில் விசாரணை. நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். பொறியாளர் கட்டாயப்படுத்தி எழுதச் சொன்னார் என்று சொல்லிவிடு. அவர் ஏற்கெனவே பழைய ஆட்சியின் ஆள் என்று பெயர் வாங்கியவர். இன்னும் ஒன்று சேர்ந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. உனக்குக் குழந்தை இருக்கிறது. இந்த நாட்டில் எல்லோரும் அப்படித்தான் தப்பிக்கிறார்கள். நீ மட்டும் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

யோசித்துச் சொல்.

அண்ணன்

*

செப்டம்பர் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

காய்ச்சல் நிஜமாகவே வந்துவிடப்போகிறது, உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா இரண்டு நாளாக நடக்கிறாள்.

காவல்காரரிடம் கெஞ்சி, அவரையும் கூட்டிக்கொண்டு, இறந்தவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். திறந்தது நான் என்று சொன்னேன். அவர் கொஞ்சநேரம் என் கையையே பார்த்தார். “அவரு கீழ இருந்தது தெரியுமா உனக்கு?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “தெரிஞ்சிருந்தா?” என்றார். வரும் வழியெல்லாம் இந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். “ஆள் அனுப்பியிருப்பேன். ஆனா திறந்திருப்பேன்” என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். திட்டவும் இல்லை, அழவும் இல்லை. வாசலில் ரொம்ப நேரம் நின்றேன்.

ஜூனில் ஆரம்பித்திருந்தால் ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஏறியிருக்கும். அந்த வெள்ளரிக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையேறியிருப்பார். இதை நினைக்காத நேரமில்லை. ஆனாலும் மதகைத் திறந்தது ஜூன் இல்லை, நான். பொறியாளர் மேல் போட மாட்டேன்.

அணை கசிந்ததற்கு இந்த அதிபர் பொறுப்பில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். தெரிந்த நாளிலிருந்து அது யார் பொறுப்பு என்று மட்டும்தான் விசாரணையில் கேட்கப்போகிறேன். அறிக்கை அங்கே வந்து சேர்ந்ததற்கு என்னிடம் சாட்சி கிடையாது. புதிய அறிக்கை உன் இழுப்பறையில் இருக்கிறது. நீ எழுதிய கடிதத்தை நான் காட்ட மாட்டேன், பயப்படாதே. வா என்றும் கூப்பிடமாட்டேன்.

தங்கை

*

அக்டோபர் 7

அன்புத் தங்கைக்கு,

நலம். அம்மாவிடம், அவள் நடக்கிற செய்தி கேட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல். தூங்கவில்லை, ஆனாலும் சொல்.

இன்று அலுவலகம் போனேன். இழுப்பறையிலிருந்து அறிக்கையை எடுத்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசல் காவலர், “என்ன சார், சீக்கிரம் கிளம்பிட்டீங்க?” என்றார். வயிற்றுவலி என்றேன். பொய்யில்லை.

ஒன்பதாம் தேதி காலைப் பேருந்தில் கிளம்புகிறேன். மாலையில் அங்கே இருப்பேன். என்ன கேட்பார்கள் என்று தெரியும்: உங்களுக்கு எப்போது தெரியும்? யார் யாருக்குத் தெரியும்? கண்ணாடி முன்னால் நின்று பதில் சொல்லிப் பார்த்தேன். குரல் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னேன். வந்தது.

எதிர்ப்பக்கம் கடை மூடியிருக்கிறது, ஆனால் படியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கடை திறக்கக் காத்திருப்பவராக இருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கும் அன்றைக்கு இப்படித்தான் இருந்ததா?

வருகிறேன்.

அண்ணன்

*

அக்டோபர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீ எங்கே இருக்கிறாய்?

ஒன்பதாம் தேதி மாலை வீட்டுக்காரரும் நானும் பேருந்து நிலையத்தில் நின்றோம். நான்கு பேருந்து வந்தது. கடைசிப் பேருந்தின் ஓட்டுநரிடம் உன் படத்தைக் காட்டினேன். “ஏறின மாதிரி ஞாபகம் இருக்கும்மா. எங்க இறங்கினார்னு தெரியல” என்றார். உன் வீட்டுச் சொந்தக்காரர், ஒரு பையோடு நீ காலையிலேயே போய்விட்டதாகச் சொல்கிறார். அலுவலகத்தில், அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

விசாரணையில் சாட்சியாக உன் பெயரை நான்தான் சொன்னேன். மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் கதவைப் பார்த்தேன். பொறியாளர் நன்றாகப் பேசினார். மீசை அதைவிட நன்றாகப் பேசினார். தீர்ப்பு வந்துவிட்டது. அணையின் கோளாறுக்கு முந்தைய அதிபர்கள் பொறுப்பு. ஒருவர் இறந்ததற்கு நான் பொறுப்பு. நடுவில் இருந்த மாதங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்கு வேலை போனது. சிறை இல்லை. கீழ்த்தெருக்காரர்கள் வாசலில் கூடிவிட்டதால் சிறை என்கிற வரியை மட்டும் விட்டுவிட்டார்கள் என்கிறார் பொறியாளர்.

இதை உன் முகவரிக்கும், இரண்டு மருத்துவமனைகளுக்கும், நீ படித்த கல்லூரி விடுதிக்கும் அனுப்புகிறேன். எங்கேயாவது நீ இருப்பாய்.

அண்ணா, வழியில் பயம் வந்து ஏதாவது ஊரில் இறங்கிவிட்டாயா? அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு பெயரில் ஏதாவது விடுதியில் படுத்திருக்கிறாயா? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நான் கோபப்பட மாட்டேன். அம்மாவும் மாட்டாள். பயந்துதான் வரவில்லை என்று ஒரு வரி எழுது. அது போதும்.

உன் தங்கை